பன்னிரண்டாவது வரி

ஜெயசுதாவுக்கு அமெரிக்காவில் இடம் கிடைக்குமா என்ற சந்தேகம் ஊரில் எல்லோருக்கும் இருந்தது, அவளைத் தவிர. கிடைக்கும் என்றுகூட அவள் சொல்லவில்லை, கிடைத்துவிட்டது போலவே பேசினாள். "ஜனவரியில அங்க குளுரு ஜாஸ்தியாம்மா. நல்ல கம்பளியா ஒண்ணு பாத்து வெச்சுக்கோ" என்று ஆடி மாதமே அம்மா கமலாவிடம் சொல்லி வைத்துவிட்டாள். "மொதல்ல தபாலப் போடுடி. அப்பறம் கம்பளியப் பாக்கலாம்" என்றாள் கமலா.

அம்மா வாய்க்குச் சர்க்கரை போடலாம். தபால் போடுவதில்தான் வில்லங்கம் வந்தது.

ஜெயசுதா சென்னையில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் முடித்துவிட்டு அந்த வருஷம், எண்பத்தேழு மே மாதம், வீடு திரும்பியிருந்தாள். வீடு கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே மூன்று மைல், தியாகதுருகம் ரோட்டை ஒட்டினாற்போல். அப்பா இல்லை. மூன்று ஏக்கர் கரும்பை அண்ணன் அய்யனார் பார்த்துக்கொண்டான். கம்ப்யூட்டரை நேரில் பார்த்த ஆள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான். அதனால் அதைப் பற்றி அவள் என்ன அளந்தாலும் மறுத்துப் பேச ஆள் கிடையாது. அவள் தைரியத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

அவள் விண்ணப்பித்தது கம்ப்யூட்டர் முதுகலைப் படிப்புக்கு. ஜனவரியில் சேர்கிறவர்களில் ஒரே ஒரு ஆளுக்கு ஒரு பேராசிரியர் சம்பளம் கொடுத்து, பாடமும் சொல்லிக்கொடுத்து, ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்வார். மூன்று ஏக்கர் கரும்பை வைத்துக்கொண்டு அமெரிக்கா போக வேண்டுமானால் அந்த ஒரு இடம்தான் வழி. விண்ணப்பம் அக்டோபர் ஒன்றாம் தேதிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். பரீட்சைகள் எழுதியாயிற்று, சிபாரிசுக் கடிதங்கள் வந்தாயிற்று, கட்டுரையும் தயார். பாக்கி இருந்தது கல்லூரி தர வேண்டிய மதிப்பெண் சான்றிதழ் மட்டும். அதைக் கல்லூரியே கவரில் போட்டு, ஒட்டிய வாயின் மேல் முத்திரை குத்தி அனுப்பும். மாணவர் பிரித்தால் செல்லாது. அதற்கு நகல் கிடையாது.

அந்த முத்திரைக் கவர் செப்டம்பர் பதினாறாம் தேதி புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு வந்தது. கடைசி பஸ் ஒரு மணிக்கே போய்விட்டிருந்தது.

காரணம் ஊரறிந்தது. படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு கேட்டு மறுநாள் வியாழக்கிழமை தொடங்கி ஒரு வாரம் சாலை மறியல் என்று அவர்கள் சாதிச் சங்கம் அறிவித்திருந்தது. பயந்துபோய் பஸ்களையெல்லாம் முன்கூட்டியே டிப்போவில் நிறுத்திவிட்டார்கள். எந்த ஊரில் யார் மரம் வெட்டுவது, யார் சோறாக்குவது என்று பேசி முடிவு செய்தவர்களில் அய்யனாரும் ஒருவன். விடிந்து ஜெயசுதா வாசலுக்கு வந்தபோது, எதிரே நின்ற புளியமரம் ரோட்டின் குறுக்கே கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்து அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணா இது? வூட்டு வாசல்லயே வெட்டிப் போட்டுக்கினு கீற?"

"பின்ன? நம்ம வாசல வுட்டுட்டு அடுத்தவன் வாசல்ல வெட்டுனா ஊரு சிரிக்காதா?"

"என் தபால் எப்படிப் போவும்?"

"யாருக்காவடி இந்த மறியலு? எல்லாம் உன்ன மாதிரிப் புள்ளைங்க படிக்கத்தான்."

"நான் படிக்கப் போற வழியத்தான் நீ மறிச்சி வெச்சிருக்க."

மரத்தின் மேல் இருந்த மற்ற மூன்று பேரும் டீ கிளாஸைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தங்கையைப் படிக்க வைத்தவன் அய்யனார். அவள் கேட்டால் மட்டும் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

கணக்குப் போட்டுப் பார்த்தாள். கள்ளக்குறிச்சி தபாலாபீஸில் பையைக் கட்டி வைத்துவிட்டு வண்டிக்குக் காத்திருந்தார்கள். வண்டி வர ஒரு வாரம் ஆகும். திங்கட்கிழமை இருபத்தொன்றாம் தேதிக்குள் கவர் சென்னைக்குக் கிளம்பாவிட்டால் அக்டோபர் ஒன்று என்பது கனவுதான். ஆனால் விழுப்புரத்தில் ரயில்வே தபாலாபீஸ், எல்லோரும் ஆர்.எம்.எஸ். என்பார்களே அது, ராப்பகலாகத் திறந்திருக்கும். போலீஸ் காவலோடு ஒரே ஒரு ரயில் அங்கேயிருந்து சென்னைக்குத் தபால் பையை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது என்று சங்கத்துக்கே சேதி வந்திருந்தது. விழுப்புரம் வரை போனால் போதும். ஐம்பது மைல். மைலுக்கு ஒரு மரம்.

அப்போதுதான் அவளுக்குத் தன் கட்டுரையே ஞாபகம் வந்தது.

இரண்டாம் வருஷம் கல்லூரி முகாமுக்காக அவள் கல்வராயன் மலையில் பத்து நாள் இருந்தாள். வெள்ளிமலையில் ஒரு டீக்கடை. மலைக் கிராமங்களுக்கு வரும் கடிதமெல்லாம் அங்கே ஒரு தகரப் பெட்டியில் கிடக்கும். சந்தைக்கு வருகிறவர்கள் தங்கள் ஊர்ப் பக்கம் போகும் கடிதங்களை எடுத்துக்கொண்டு போவார்கள். தங்கள் ஊரோடு நின்றுவிட்டால், அங்கிருந்து அப்பால் போகிறவரிடம் கொடுப்பார்கள். முழு வழியும் போகிற ஆள் ஒருவர்கூடக் கிடையாது. கடிதம் மட்டும் போய்ச் சேர்ந்துவிடும். கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் சேதி அனுப்பிக்கொள்வதும் இதே மாதிரிதான், அதைப் பற்றித்தான் நான் படிக்க விரும்புகிறேன் என்று ஜெயசுதா நான்கு பக்கம் எழுதியிருந்தாள். "டீக்கடைத் தகரப் பெட்டியவா அமெரிக்காக்காரனுக்கு எழுதியிருக்க?" என்று அய்யனார் அப்போது விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணா, வண்டிதானே போவாது? ஆளு போவலாம் இல்ல? சைக்கிளத் தூக்கி மரத்துக்கு அந்தாண்ட வெச்சா?"

"ஆளுக்கு இன்னா தடை? ஆனா இங்கேருந்து விழுப்புரம் வரைக்கும் எவன்டி போவான்? வழியில போலீஸு வேற."

"யாரும் அவ்ளோ தூரம் போவ வேணாம். நீ அடுத்த மரம் வரைக்கும் போ. அங்க கீறவன் அதுக்கு அடுத்த மரம். மரம் வெட்டறவங்களே தபால்காரங்க."

அய்யனார் டீ கிளாஸைக் கீழே வைத்தான். முதலில் முழித்தான், பிறகு அவன் முகம் மெல்ல மலர்ந்தது. ஒரு வாரத்துக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் படை ஒன்று அவன் கையில் இருந்தது. அதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

முத்திரைக் கவரையும் விண்ணப்பத்தையும் ஒரே பெரிய கவருக்குள் வைத்து ஒட்டிவிட்டு இருவரும் உட்கார்ந்து பட்டியல் போட்டார்கள். ரோட்டின் மேல் எந்த ஊர், அங்கே மறியலுக்கு யார் தலைவன் என்று அய்யனார் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பெரிய ரோட்டில் போலீஸ் நடமாட்டம் அதிகம் என்பதால் எலவனாசூர்கோட்டை தாண்டி உள் ரோட்டில் திருப்பி, களமருதூர் வழியாக விழுப்புரம். நான்கைந்து மைலுக்கு ஓர் ஊர், மொத்தம் பதினொரு ஊர். ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்துப் போட இடம். மேலே சிவப்பு மையில் "திங்கட்கிழமைக்குள் விழுப்புரம் ஆர்.எம்.எஸ்." என்று எழுதினாள். கடைசி ஆள் போடுவதற்காகத் தன் விலாசம் எழுதிய ஒரு தபால் கார்டையும் கவரில் நூலால் கட்டினாள். சேர்ந்ததும் தகவல் வர வேண்டுமல்லவா?

பட்டியலையும் நூலில் கட்டிவிடலாம், விழுப்புரத்தில் பிரித்து எடுத்துவிடலாம் என்பது அவள் எண்ணம். அவள் தபால்தலை ஒட்ட எச்சில் தொட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அய்யனார் மறியல் போஸ்டருக்குக் காய்ச்சி வைத்திருந்த மைதா பசையை எடுத்துப் பட்டியலைக் கவரின் முதுகிலேயே அப்பிவிட்டான்.

"ஐயோ, இன்னாண்ணா பண்ண? அமெரிக்காவுக்குப் போற கவரு!"

"நூலுல கட்னா எவனாவது பீடி சுத்திடுவான். இது மழ பெஞ்சாலும் வராது."

உண்மைதான். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், கவர்தான் கிழிந்துவிடும் போலிருந்தது. கமலா வந்து நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். ஆக, கவர் கல்யாணப் பத்திரிகையும் சுவரொட்டியும் சேர்ந்தாற்போல் ஆயிற்று. வெள்ளிக்கிழமை காலை முதல் வரியில் அய்யனார் கையெழுத்துப் போட்டு, கவரைத் துண்டில் சுற்றி, சைக்கிளைத் தன் மரத்தின் மேல் தானே தூக்கி வைத்துத் தாண்டினான்.

சனிக்கிழமை காலை வரை சேதி ஜோராக வந்துகொண்டிருந்தது. தியாகதுருகம் தாண்டியாச்சு. எலவனாசூர் தாண்டியாச்சு. ஏழாவது கைக்குப் போயாச்சு, அது களமருதூர்ப் பக்கம் மறியலில் இருந்த செல்லமுத்து. மரத்தடியில் ஆட்கள் சீட்டாட்டத்தை விட்டுவிட்டுக் கவரைப் பற்றியே பேசினார்கள். "நம்ம பொண்ணு கவரு" என்று ஆனது. ஜெயசுதாவுக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானம் சோற்றில் உட்கார்ந்தபோது ஆறாவது ஊர்க்காரன் மூச்சு வாங்க வந்து நின்றான்.

"போலீஸு லாரி வந்துச்சு. செல்லமுத்தோட எல்லாரையும் அள்ளிக்கினு போயிட்டாங்க."

"கவரு?"

"தெர்ல."

அவள் எழுந்து கை கழுவினாள். எந்த வழியிலாவது போய்ச் சேரும், அதுதான் என் கட்டுரையே என்று அம்மாவிடம் சொன்னாள். முதல் தடவையாக அவளுக்குப் பயமாக இருந்தது. முத்திரைக் கவர் அதற்குள் இருந்தது, இன்னொன்று வாங்கச் சென்னைக்குப் போகவும் வழி இல்லை. அய்யனார் அந்தச் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அவள் கண்ணில் படாமல் மரத்தடியிலேயே கிடந்தான். கமலா மட்டும், "கம்பளி எத்தன முழம்டி வேணும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கேலி செய்யவில்லை, பிள்ளைக்குத் தெம்பு கொடுக்க அவளுக்குத் தெரிந்த வழி அது.

மறியல் முடிந்து, மரங்களை இழுத்துப் போட்டு, பஸ் ஓடத் தொடங்கி, இருபத்தெட்டாம் தேதி திங்கட்கிழமை அந்தக் கார்டு வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையின் குண்டு குண்டான கையெழுத்து.

"அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். உங்கள் கவரை என் அப்பா 20.9.87 ஞாயிறு மாலை நாலு மணிக்கு விழுப்புரம் ஆர்.எம்.எஸ். ஆபீஸில் சேர்த்துவிட்டார். அங்கே உள்ள சார் எடை போட்டுப் பார்த்து, தபால்தலை சரியாக இருக்கிறது என்று சொன்னார். நன்றாகப் படியுங்கள். இப்படிக்கு, பி. பாரதி, பத்தாம் வகுப்பு, காலனி, களமருதூர்."

ஜெயசுதா வாசலில் நின்று குதித்தாள். அய்யனார் கார்டை வாங்கி இரண்டு முறை படித்தான்.

"காலனியா?" என்றான்.

கார்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். அந்த வாரம் சில ஊர்களில் மறியல் என்று கிளம்பியவர்கள் காலனிக் குடிசைகளைக் கொளுத்தியிருந்தார்கள். அய்யனார் ஒரு வைக்கோலைக்கூடக் கொளுத்தவில்லை. ஆனால் கொளுத்தியவர்களை ஏன் என்று கேட்கவும் இல்லை. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மறுநாள் இருவரும் அவனுடைய ராஜ்தூத் மோட்டார் பைக்கில் களமருதூர் போனார்கள். காலனி ரோட்டின் மேலேயே இருந்தது. முதல் குடிசைக்கு ஐம்பது அடி முன்னால் அய்யனார் வண்டியை நிறுத்தினான்.

"நீ போயிட்டு வா. நான் வண்டியப் பாத்துக்கறேன்."

அந்த ஓட்டை வண்டியை யாரும் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை. அவள் தனியே நடந்தாள்.

பாரதியின் அப்பா பிச்சைமுத்து வீட்டு முன்னால் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. இவளும் நின்றுகொண்டே பேசினாள்.

"நெல்லுல களை எடுத்துக்கினு இருந்தேங்க. லாரி வந்ததும் ஒரு ஆளு துண்டச் சுருட்டி வயல்ல வீசிட்டாரு. அவங்க போனப்பறம் பிரிச்சிப் பாத்தா காயிதம். பாரதிதான் இங்கிலீசு விலாசத்தப் படிச்சுது. அக்கா ஒருத்தங்க அமெரிக்கா போவப் போறாங்க, செவப்பு மையில திங்கக்கெழமன்னு போட்டுக்கீது, கெளம்புப்பான்னு தொரத்திடுச்சிங்க."

"எட்டாவது ஊர்ல குடுத்திருக்கலாமே? பட்டியல்ல பேரு இருந்துச்சே."

பிச்சைமுத்து மண்வெட்டியைப் பார்த்தார். "அந்த வாரம் நாங்க அந்த ரோட்டுல போவ முடியாதுங்க. அதான் விடியக்கால பரிக்கல்ல தண்டவாளம் ஏறி அப்படியே நடந்துட்டேன். தண்டவாளத்துல எவனும் இன்னா சாதின்னு கேக்க மாட்டான் பாருங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பரிக்கல்லில் இருந்து விழுப்புரம் பதினெட்டு மைலுக்குக் குறையாது.

பாரதி உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். இரட்டைப் பின்னல், நேராகப் பார்க்கிற கண். ஜெயசுதா குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? லிஸ்ட்ல பதினொரு ஊரு போட்டிருந்தீங்க. எங்க காலனி ரோட்டு மேலயேதான் கீது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல. அத ஏன் போடல?"

எது கேட்டாலும் பதில் வைத்திருப்பவள் ஜெயசுதா. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால் மறப்பதற்கு முதலில் நினைத்திருக்க வேண்டும். அண்ணன் ஊர் ஊராகச் சொன்னபோது அவள் ஒன்றைக்கூட விடாமல் எழுதினாள், ஊர் என்று அவர்கள் இருவரும் எதைச் சொல்லிப் பழகியிருந்தார்களோ அதை மட்டும். சென்னைக்குப் போகவர இந்தக் காலனியைப் போல் முப்பது காலனிகளை அவள் பஸ் ஜன்னலில் பார்த்திருக்கிறாள். வெட்கம் காது வரைக்கும் ஏறியது.

"தோணலம்மா" என்றாள். "அதான் தப்பு."

பாரதி சொம்பை வாங்கிக்கொண்டாள். "பரவால்லக்கா. நானே போட்டுட்டேன். பதினொண்ணுக்குக் கீழ கொஞ்சம் எடம் இருந்துச்சு."

திரும்பும்போது எலவனாசூர் வரை ஜெயசுதா நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல அய்யனார் வண்டியை விரட்டினான். ஊர் தாண்டியதும் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"விழுப்புரம் வரைக்குமா நடந்து போனாரு?"

"ஆமா."

காலனி ஆள் ஒருவரைப் பற்றி அவன் 'போனாரு' என்று சொல்லி அவள் அதுவரை கேட்டதில்லை. அவனும் அதைக் கவனித்தானோ என்னவோ, மீதி வழி முழுவதும் வண்டியை உறுமவிட்டே ஓட்டினான்.

நவம்பர் கடைசியில் அமெரிக்காவிலிருந்து அந்தப் பேராசிரியரின் கடிதம் வந்தது. விண்ணப்பம் செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதியே சேர்ந்துவிட்டதாம். மதிப்பெண் நன்று, கட்டுரை நன்று. ஆனால் நன்றாக எழுதியவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், இடம் ஒன்றுதான். அடுத்த பத்தியை ஜெயசுதா நின்றபடியே நான்கு முறை படித்தாள்.

"உங்கள் கவரின் பின்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எங்களால் பிரிக்க முடியவில்லை. இங்கே ஒரு தமிழ் மாணவர் படித்துச் சொன்னார். பதினொரு நிலையங்கள். முதல் ஏழில் கையெழுத்து இருக்கிறது. எட்டு முதல் பதினொன்று வரை காலி. அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், உங்கள் பட்டியலிலேயே இல்லாத ஒரு பன்னிரண்டாவது வரி. ஏழிலிருந்து பன்னிரண்டுக்கு இது எப்படிப் போனது? எழுதுங்கள்."

அவள் முதலில் எழுதியது கெட்டிக்காரப் பதில். ஒரு வழி அறுந்தால் சேதி தானாக வேறு வழி தேடிக்கொள்ள வேண்டும், அதற்கு இன்னின்ன முறைகள் என்று படம் போட்டு இரண்டு பக்கம். படித்துப் பார்த்தாள். சேதி தானாக எங்கே வழி தேடியது? பிச்சைமுத்து அல்லவா நடந்தார். இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே பக்கத்தில் எழுதினாள். அய்யனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தமிழ்ல சொல்லு" என்றான். சொன்னாள்.

"அந்தப் பன்னிரண்டாவது இடம் பட்டியலில் இல்லாதது என் தவறு. அது எனக்குத் தெரியாத இடம் அல்ல, தினமும் ரோட்டில் தெரியும் இடம். அங்கே இருப்பவர்களோடு எங்கள் ஊர் தண்ணீர்கூடப் புழங்காது. அதனால் வழி என்று யோசித்தபோது அவர்கள் என் நினைவில் வரவில்லை. நான் நம்பி எழுதிய வழி ஏழாவதோடு அறுந்தது. நான் எழுதாமல் விட்ட இடத்திலிருந்து ஒருவர், எங்கள் ஆட்கள் மறித்த ரோட்டில் கால் வைக்க முடியாமல், தண்டவாளத்தில் பதினெட்டு மைல் நடந்து இதைச் சேர்த்தார். எழுதியது அவர் மகள் பாரதி. என்னுடைய முறையில் பிழை இருந்தது. பிழை எங்கே என்று இப்போது எனக்குத் தெரியும்."

அய்யனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இத எழுதினா நம்பளப் பத்தி அவன் இன்னா நெனப்பான்?"

"உள்ளதத்தான் நெனப்பான்."

"எடம் தராமப் போயிட்டா?"

"தருவான்" என்றாள் ஜெயசுதா. பழைய ஜெயசுதா திரும்பி வந்திருந்தாள். "அம்மா, கம்பளி இன்னா ஆச்சு?"

அய்யனார் கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தான். கள்ளக்குறிச்சித் தபாலாபீஸ் மூன்று மைல், வழியில் ஒரு மரம்கூட இல்லை. "நானே போட்டுட்டு வரேன்" என்று கிளம்பினான். அதில் ஒரு வரியைக்கூட மாற்றச் சொல்லவில்லை.

டிசம்பர் இருபதாம் தேதி தந்தி வந்தது. அவள் ஏறி உட்கார்ந்தாற்போல் நினைத்திருந்த அந்த இடம் அவளுக்குத்தான்.

ஜனவரியில், அம்மா கடைசியில் வாங்கிவிட்ட சிவப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவள் அந்தப் பேராசிரியரின் அறைக்குள் நுழைந்தபோது, சுவரில் அந்தக் கவர் முதுகைக் காட்டிக்கொண்டு குத்தப்பட்டிருந்தது. மஞ்சள் வெளுத்திருந்தது. மைதா பசை ஒரு மூலைகூடப் பெயரவில்லை. பேராசிரியர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். பெயர்களைச் சரியாக உச்சரிக்கத் தனக்குக் கற்றுத் தர முடியுமா என்று கேட்டார், முதல் வரியில் விரலை வைத்தார். அங்கே அண்ணனின் கோணல் கையெழுத்து இருந்தது.

ஜெயசுதா அவர் விரலை நகர்த்தச் சொன்னாள். கீழேயிருந்து தொடங்கினாள்.

"பிச்சைமுத்து" என்றாள். "காலனி, களமருதூர்."